மிரெல்லா ஃப்ரெனியின் மிமி: 1972 ‘லா போயெம்’ இசைப்பதிவு

பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசைநாடகமான ஓபராவை முதன்முறையாகக் கேட்க விரும்பி எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, டெக்கா நிறுவனம் 1972-இல் பெர்லினில் பதிவுசெய்த புச்சினியின் ‘லா போயெம்’ ஆகும். இசை நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன் வழிநடத்த, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க, கவிஞன் ரொடோல்ஃபோவாக லுச்சானோ பவரோட்டியும் தையல்காரப் பெண் மிமியாக மிரெல்லா ஃப்ரெனியும் பாடியிருக்கிறார்கள். பலர் இதைப் பவரோட்டியின் பெயருக்காக வாங்குகிறார்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஃப்ரெனிக்காக.

ஒலிவாங்கி இல்லாமல், நிறைந்த இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாட வேண்டிய கலை இது. அதில் ஒரு சாரீரம் ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நிற்பது அரிது. ஃப்ரெனி 1955-இல் தம் சொந்த ஊரான மோதெனாவில் ‘கார்மென்’ ஓபராவின் மிக்காயெலாவாக மேடையேறினார். 2005-இல், எழுபது வயதில், வாஷிங்டனில் சாய்கோவ்ஸ்கியின் ஓபராவில் இளம் ஜோன் ஆஃப் ஆர்க்காகப் பாடி மேடையை விட்டு இறங்கினார். இந்தப் பதிவின்போது அவருக்கு வயது 37. அத்தனை காலம் அந்தக் குரல் எப்படித் தாங்கியது என்பதற்கு இதிலேயே விடை கேட்கிறது.

முதல் அங்கத்தில், அணைந்த மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொள்ள வந்த மிமி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலச் சின்னக் குரலில் தொடங்குகிறார். பனி உருகும்போது முதல் வெயில் தனக்கே கிடைக்கிறது என்று சொல்லும் இடத்தில் இசைக்குழு முழுவதும் பொங்கி எழ, குரலும் அதனோடு விரிகிறது. ஆனால் தாரஸ்தாயியில் ஒரு துளி இறுக்கமோ, எட்டிப் பிடிக்கும் முயற்சியோ தெரிவதில்லை. அந்த அலை ஓய்ந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி பேச்சுக்குத் திரும்புகிறார். பாடகியின் மூச்சுப் பயிற்சி மறைந்து, ஏழைப்பெண்ணின் கூச்சம் மட்டுமே நம் காதில் நிற்கிறது.

இந்த அளவறிதல்தான் அவருடைய வாழ்க்கை முழுவதும் இருந்தது. சிறுமியாக இருந்தபோது அவர் பாடியதைக் கேட்ட புகழ்பெற்ற டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாடகர் ஜில்லி, குரல் முதிரும்வரை பாடாமல் காத்திருக்கச் சொன்னார், அவரும் காத்திருந்தார். 1964-இல் மிலானின் லா ஸ்காலாவில் ‘லா திராவியாத்தா’ பாடியபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டு எதிர்த்தனர். அந்த அடியிலிருந்து மீண்டு, கனமான வேடங்களுக்கு மெல்ல மெல்லவே நகர்ந்தார். ‘மதாம் பட்டர்ஃபிளை’யை ஒலிப்பதிவிலும் திரைப்படத்திலும் பாடியவர், மேடையில் முழுமையாகப் பாட முன்வரவில்லை. தமக்குப் பெருவாய்ப்புகள் தந்த கராயனே கேட்டும் ‘துரான்தோத்’ ஓபராவின் கனமான வேடத்தை மறுத்துவிட்டார். அப்படி மறுக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

குறைகளும் உண்டு. கராயன் சில இடங்களில் நடையை மிகவும் இழுக்கிறார்; இரண்டாம் அங்கத்தின் கடைத்தெருக் கூட்டத்தில் இசைக்குழு குரல்களை மூழ்கடிக்கிறது. முசெத்தாவாகப் பாடும் எலிசபெத் ஹார்வுட்டின் குரலில் அந்த வேடத்துக்கான குறும்பு போதவில்லை. ஆனால் நான்காம் அங்கத்தில், நோயுற்ற மிமியின் மருந்துச் செலவுக்காகத் தன் பழைய மேலங்கியை அடகுவைக்கப் போகும், ரொடோல்ஃபோவின் நண்பன் கொல்லீனேயாக நிக்கோலாய் கியவ்ரோவ் பாடும் சிறுபாடல் எல்லாக் குறையையும் ஈடுசெய்துவிடுகிறது. பின்னாளில் ஃப்ரெனியை மணந்தவர் இவரே.

வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: நான் முதலில் இதைக் கேட்ட இணையச் செயலியில், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும்போதெல்லாம் இசை ஒரு கணம் அறுந்தது; ஒவ்வோர் அங்கமும் இடைவெளியே இல்லாமல் ஓடும் இந்த ஓபராவுக்கு அது தாங்க முடியாத இடையூறு. இரண்டு குறுந்தட்டுகளாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இத்தாலியம் தெரியாதவர்கள் பாடல்வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம். நான்காம் அங்கத்தில் ரொடோல்ஃபோ தவிர எல்லோரும் வெளியேறியதும், தூங்குவதுபோல் பாசாங்கு செய்திருந்த மிமி, “போய்விட்டார்களா?” என்று கேட்கும் அந்த ஒரு வரியை ஃப்ரெனி ஏறக்குறைய நிறமே இல்லாத குரலில் பாடுகிறார், பொருள் தெரிந்து கேட்டால்தான் அது நெஞ்சில் இறங்கும்.