சமுதாய ஜிம்: பயிற்சி நன்று, சவால்தான் இடிக்கிறது

எங்கள் சமுதாய ஜிம்மில் கண்ணாடி முன் நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டம் குறைவு, அதுவே பாதி நிம்மதி. புதிதாக வருபவருக்கு, 20 கிலோ வெறும் பார்பெல்லை (எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ஒழுங்காக வந்த பிறகுதான் எடைத் தட்டு ஏறும். உட்காரும்போது குதிகால் தரையை விட்டு எழும்பினால், பயிற்சியாளர் முதலில் கணுக்கால் எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, முழங்காலால் சுவரைத் தொடும் பயிற்சியைத் தருகிறார். வேறெங்கும் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. அப்புறம் அந்த மாதாந்திரச் சவால்! பிளாங்க், புஷ் அப் வரை சரி. தரையில் கிடக்கும் பார்பெல்லைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டையும் நேரம் வைத்து வேகவேகமாகத் தூக்கச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, களைப்பில் முதுகு வளைவதை அங்கே யார் பார்க்கிறார்கள்? மாலையில் பார்பெல்லைத் தாங்கும் ஸ்குவாட் ரேக்குக்குக் காத்துக் கிடக்க வேண்டும், முடிந்தால் காலையில் போங்கள்.