பெட்ஸல் கிரிகிரி பிளஸ்: பதறும் கைக்காகச் செய்த பிலே கருவி

கிரிகிரி பிளஸ் வாங்கலாமா, சாதாரண கிரிகிரியே போதுமா என்று எங்கள் கிளைம்பிங் குழுவில் மாதம் ஒருவராவது கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஏறுபவரின் கயிற்றைக் கீழே நின்று பிடித்துக் காப்பதுதான் பிலே, இரண்டும் அதற்காகப் பெட்ஸல் நிறுவனம் செய்யும் கருவிகள். புதியவர்களுக்குப் பிலே சொல்லிக்கொடுக்கும் கிளப் அல்லது ஜிம் என்றால் யோசிக்காமல் பிளஸ் வாங்குங்கள். பல வருடமாக லீட் (கயிற்றைத் தானே மேலே கொண்டுபோய் இடையிடையே மாட்டிக்கொண்டு ஏறுவது) பிலே செய்பவர் என்றால் சாதாரண கிரிகிரி போதும். விலையும் குறைவு, எடையும் 200 கிராமுக்குப் பதில் 175 கிராம்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டு கருவிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம், பயந்தால் மனிதன் என்ன செய்வான் என்பதைப் பற்றியது.

ஆபத்தான விளையாட்டு என்றாலே எல்லோரும் மேலே ஏறுகிறவனின் மனசைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மார்வின் ஸக்கர்மேன் 1960களிலேயே பரபரப்பைத் தேடும் குணத்தை அளக்கக் கேள்வித்தாள் தயாரித்தார். பாறை ஏறுபவர் அலெக்ஸ் ஹொன்னால்டின் மூளையை ஸ்கேன் செய்து, மற்றவர்களைத் திடுக்கிட வைக்கும் படங்களைக் காட்டியபோதும் பயத்துக்கு வேலை செய்யும் மூளைப் பகுதியான அமிக்டலா அவருக்கு அசையவில்லை என்று 2016இல் செய்தி வந்தது. அடுத்த வருடம் ஜூனில் அவர் யோசெமிட்டியில் எல் கேபிடன் பாறையின் சுமார் 900 மீட்டரைக் கயிறே இல்லாமல் ஏறினார். எல்லாம் ஆச்சரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் கயிற்றோடு ஏறுகிற ஆட்கள். நம் உயிர் கீழே நிற்கிறவர் கையில் இருக்கிறது, அவருக்குப் பயமே கிடையாது, கால் தரையில் இருக்கிறது, வெயில் அடிக்கிறது, பக்கத்தில் யாரோ பேச்சுக் கொடுக்கிறார்கள். அந்த மனநிலைதான் எனக்குப் பெரிய ரிஸ்க்காகத் தெரிகிறது.

கிரிகிரி 1991இலிருந்து சந்தையில் இருக்கிறது. உள்ளே கேம் என்கிற திரும்பும் துண்டு ஒன்று இருக்கும், காரில் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிற மாதிரி, விழுபவரின் எடை கயிற்றை இழுத்ததும் இந்தக் கேம் திரும்பிக் கயிற்றை நசுக்கிப் பிடித்துவிடும். இறக்கும்போதுதான் சிக்கல். இடது கை கைப்பிடியை இழுத்துக் கேமைத் திறக்க வேண்டும், வலது கை பிரேக் கயிற்றை, அதாவது ஏறுபவருக்குப் போகாத பக்கத்துக் கயிற்றை, விடாமல் பிடித்து வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதியவர் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிடுகிறார், மேலே இருப்பவர் சர்ரென்று வருகிறார், புதியவர் பதறுகிறார். அந்த நொடியில் செய்ய வேண்டியது கைப்பிடியை விடுவது மட்டும்தான், விட்டால் நின்றுவிடும். ஆனால் பயந்த கை விரியாது, இறுகும். கையில் என்ன இருக்கிறதோ அதை இன்னும் கெட்டியாகப் பிடித்து இழுக்கும், அதாவது கேமை முழுசாகத் திறந்துவிடும். ஆயிரம் முறை வாயால் சொல்லிக்கொடுத்தாலும் இது மாறாது, ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் யோசித்துச் செய்வதில்லை.

2017இல் வந்த பிளஸ் இதை அப்படியே ஏற்றுக்கொண்டு செய்யப்பட்டிருக்கிறது. கைப்பிடியை ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் அதன் பிடிப்பு விட்டுப்போய் கேம் தானே மூடிக்கொள்ளும். கைப்பிடியைத் திரும்பக் கொண்டுபோய் மறுபடி மெதுவாக இழுத்தால்தான் இறங்கும். கர்நாடகாவின் பாதாமியில் புதிதாக வந்த ஒரு பெண் தன் தோழியை இறக்கும்போது இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தோழி வேகமாக வந்தாள், இந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முழங்கை பின்னால் போகும் அளவுக்கு இழுத்தாள், ஒரு குலுக்கல், கயிறு நின்றுவிட்டது. தோழி நடுவில் தொங்கிக்கொண்டு "என்னடி ஆச்சு" என்று கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது. சாதாரண கிரிகிரியாக இருந்திருந்தால் பயிற்சியாளர் பாய்ந்து பிரேக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும்.

இதே வசதிதான் பழகியவர்களுக்கு எரிச்சல். நமக்கு வேண்டிய வேகம் வருவதற்கு முன்பே சில சமயம் பூட்டிக்கொள்கிறது, அதுவும் மேலே இருப்பவர் ஒல்லியாக இருந்து கயிறும் தடியாக இருந்தால் விட்டு விட்டு இறக்க வேண்டியிருக்கிறது. டாப்ரோப் (கயிறு முன்பே மேலே மாட்டியிருப்பது), லீட் என்று மாற்ற ஒரு திருகு உண்டு, ஒரே முறையில் பூட்டியும் வைக்கலாம். ஜிம்முக்கு அது நல்லது. கயிறு உரசும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்திருக்கிறார்கள், பாதாமியின் செம்மணல் ஒட்டிய கயிறு வருடக்கணக்கில் ஓடும் இடத்துக்கு அது முக்கியம்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. லீடில் வேகமாகக் கயிறு கொடுக்கும்போது கட்டைவிரலால் கேமை ஒரு கணம் அழுத்துகிறோம். சரியாக அந்தக் கணத்தில் மேலே இருப்பவர் விழுந்தால், திடுக்கிட்ட கை கருவியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டால், கேம் பூட்டாது. பதற்றத்துக்கான பூட்டு கைப்பிடியில்தான் இருக்கிறது, இங்கே இல்லை. அதனால்தான் பிரேக் கையை எடுக்கவே கூடாது என்று பெட்ஸல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் கிரிகிரி வைத்திருப்பவர்கள்தான் அந்தக் கையால் மூக்கைச் சொறிகிறார்கள், போனை எடுக்கிறார்கள். தானாகப் பூட்டாத சாதாரண டியூப் கருவியில் பிலே செய்யும்போது அதே ஆள் அப்படிச் செய்ய மாட்டார்.

பாதுகாப்பு கூடினால் மனிதன் அந்த அளவுக்கு ஜாக்கிரதையைக் குறைத்துக்கொள்வான் என்று ஜெரால்ட் வைல்ட் 1982இல் ஒரு கொள்கை வைத்தார். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது என்று நிறையப் பேர் மறுத்திருக்கிறார்கள், நானும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மியூனிக்கில் ஏபிஎஸ் பிரேக் பொருத்திய டாக்சிகளுக்கு விபத்து குறையவில்லை, ஓட்டுநர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள் என்ற ஆய்வைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பிலே நிற்பவர்கள்தான்.

கருவி தடுக்க முடியாதவையும் இருக்கின்றன. 1989இல் பிரான்ஸின் புவூவில் லின் ஹில், உலகின் தலைசிறந்த ஏறுபவர்களில் ஒருவர், முடிச்சை முழுசாகப் போடாமலே ஏறிவிட்டு, உச்சியில் கயிற்றில் சாய்ந்ததும் சுமார் 22 மீட்டர் விழுந்தார், மரக்கிளைகள் தாங்கியதால் பிழைத்தார். அது அவருக்கு ஒரு சாதாரண வார்ம் அப் வழி. ஹொன்னால்டும் 2016இல் ஒரு சுலபமான வழியில் கீழே இறக்கப்படும்போது கயிறு தீர்ந்துபோய் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டார், கயிற்றின் நுனியில் முடிச்சு இல்லை. எந்தக் கிரிகிரியும் இல்லாத கயிற்றைப் பிடிக்காது.

அதனால் வாங்குகிற கிளப்களுக்கு என் யோசனை: முதல் சில வாரம் டியூபிலேயே பழக்குங்கள், பிரேக் கை ஊறிப்போகட்டும், பிறகு பிளஸ்ஸைக் கொடுங்கள். லீடுக்கு மட்டும் என்றால் 2024இல் வந்த பெட்ஸலின் இன்னொரு கருவியான நியாக்ஸில் உள்ளே சக்கரம் இருப்பதால் கயிறு கொடுக்கக் கேமை அழுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. 235 கிராம் கனம்தான், ஆனால் லீட் நிறையச் செய்பவர்கள் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எதை எடுத்தாலும் 8.5 முதல் 11 மி.மீ. வரையான ஒற்றைக் கயிறுதான் போட வேண்டும், மாட்டியதும் ஒவ்வொரு முறையும் ஏறுபவர் பக்கக் கயிற்றை ஒரு இழு இழுத்துப் பூட்டுகிறதா என்று பாருங்கள்.