மிச்ச ஒயில் எங்கே போகிறது? வேகன் ஆரும் கல்லடி உப்புக்காற்றும்

கல்முனையில் இருக்கும் மச்சான் ஒருவன் போன கிழமை கேட்டான்: "சுசுகி வேகன் ஆர் ஒண்டு பார்த்திருக்கன்டா. சேர்விஸ்காரனுக்குக் குடுக்கிற காசெல்லாம் வீண்தானே, நீ எல்லாத்தையும் வீட்டிலயே செய்யிறாய் எண்டு கேள்வி, உண்மையா?" இரண்டு வரியில் பதில் போடலாம் என்று தொடங்கியது இவ்வளவு நீண்டுவிட்டது.

"எல்லாத்தையும்" என்பது பொய். சிலதை நான் செய்கிறேன், சிலதைக் காசு கொடுத்துச் செய்விக்கிறேன். ஆனால் லேசான வேலை எனக்கு, கஷ்டமான வேலை மெக்கானிக்குக்கு என்று நான் பிரிப்பதில்லை. செய்தார்களா இல்லையா என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாத வேலை எதுவோ அதை நான் செய்கிறேன். பிழைத்தால் ஆளைக் கொல்லக்கூடிய வேலையையும், செய்து முடித்தபின் குப்பை மிஞ்சும் வேலையையும் கொடுத்துவிடுகிறேன்.

என் வண்டியும் வேகன் ஆர்தான், எஃப்எக்ஸ் வகை, 658 சிசி, சிவிடி என்ற ஓட்டோ கியர், முன் சீட்டுக்குக் கீழே எஞ்சினுக்குக் கைகொடுக்கும் அந்தச் சின்ன லித்தியம் பற்றரி. மிச்சம் உங்களுக்குத் தெரிந்ததுதான், இலங்கையில் வேகன் ஆர் நிற்காத ஒழுங்கை உண்டா? 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் டொலர் 200 சொச்ச ரூபாயிலிருந்து 360 வரைக்கும் போய் சாமான் விலையையும் கூட்டிக்கொண்டு போனது, 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்தார்கள், வரியைப் பார்த்துவிட்டு எல்லாரும் பேசாமல் பழைய வண்டிக்கே திரும்பிவிட்டோம். ஆக இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

எனக்கு வீடு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம், எழுவான்கரையில்; வேலை வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கடற்கரைப் பக்கம் உப்பு, வயல் பக்கம் புழுதி, இரண்டையும் ஒரே வண்டி தின்கிறது. கொழும்பில் எழுதப்பட்ட சேர்விஸ் அட்டவணைக்கு இது விளங்காது. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு தோணிக்குக் காத்திருக்கும் கரைச்சல் போய்விட்டது, நல்ல விசயம், ஆனால் அறுவடைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்ப் பாருங்கள், றோட்டில் பாதி நெல் காய்கிறது, மற்றப் பாதியில் மெசின் போகிறது, வைக்கோல் தூசு பனிபோல மிதக்கிறது. எயார் பில்டர் அதை மூச்சோடு இழுக்கிறது.

அதனால் முதலில் பில்டர் கதை. இந்த வண்டியில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம் ஏசி பில்டர்தான், சிரிக்காதீர்கள். டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதைத் திறந்தால் பில்டர் கையோடு வரும். ஸ்பானரும் வேண்டாம், வண்டி தூக்கும் ஜக்கும் வேண்டாம், தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடியும். புதியதைப் போடும்போது ஓரத்தில் அச்சடித்திருக்கும் அம்புக்குறி காற்றுப் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போன அறுவடைக்குப் பிறகு நான் வெளியே இழுத்தபோது மடிப்புக்கு மடிப்பு நெல் உமி, நடுவில் கறுத்துப்போன இரண்டு வேப்பிலை, ஒரு மூலையில் எலிப்புழுக்கை. அதன் வழியாக வந்த குளிர்காற்றைத்தான் வீட்டில் எல்லாரும் சுவாசித்துக்கொண்டிருந்தோம். இத்தனைக்கும் சேர்விஸ் பில்லில் "ஏசி பில்டர் கிளீன்" என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு தொகை. பெட்டியைக் கழற்றவே இல்லை. கழற்றியிருந்தால் அதற்குள் கிடந்த என் பேப்பர்கள் அப்படியே அடுக்காக இருந்திருக்குமா?

எயார் பில்டரும் அப்படித்தான். காற்றடித்துத் தட்டிப் போடுவார்கள், உள்ளே நுண்ணிய தூசு தங்கிவிடும். கடையில் வாங்கி நீங்களே மாற்றுங்கள், வருசாவருசம் லைசன்சுக்கு முதல் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது நெஞ்சு படபடக்காது.

இனி ஒயில். இதைப் பற்றி எழுதாமல் எனக்கு நித்திரை வராது.

இந்த எஞ்சினுக்கு பில்டரோடு சேர்த்து மாற்றினாலும் 3 லீற்றர் போகாது. நீங்கள் சேர்விஸுக்குப் போனால் அவர்கள் எடுப்பது 4 லீற்றர் கான். பில்லில் முழுக் கான். சரி, ஒரு லீற்றருக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டுமே, அது எங்கே? கேட்டால் பெடியன் முதலாளியைப் பார்ப்பான், முதலாளி போனைப் பார்ப்பார். ஒருமுறை "எல்லாம் ஊத்தியாச்சு சேர்" என்றார்கள். அது உண்மையாக இருந்தால் இன்னும் மோசம். அளவுக்கு மேல் ஒயில் நின்றால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், நுரைத்த ஒயிலுக்கு அழுத்தம் பிடிக்காது, சீல் கசியத் தொடங்கும். ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், சரியாக மேல்கோட்டில் நின்றது. ஆக ஊற்றவில்லை. ஊற்றாததற்குச் சந்தோசப்படுவதா, பொய் சொன்னதற்குக் கோபப்படுவதா என்று தெரியாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வருசத்துக்கு எத்தனை வண்டி அங்கே வருகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் மிஞ்சினால் அந்த முதலாளி தன் வாகனங்களுக்கு ஒயில் வாங்குவதே இல்லை என்று நினைக்கிறேன். நியாயமாகச் சொன்னால் கூலி குறைவாகத்தான் எடுக்கிறார், பிரசர் வோஷ் நன்றாக அடிப்பார், பெடியன்கள் வெயிலில் நின்று வேலை செய்கிறார்கள், ஒருநாளும் கீறல் விழுந்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு லீற்றர்!

அந்தக் கோபத்தில் வீட்டிலேயே ஒயில் மாற்றத் தொடங்கினேன். வேலை கஷ்டமில்லை. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, கீழே நட்டைக் கழற்றி, வடியவிட்டு, பில்டரைத் திருகி எடுத்து, புதிய பில்டரின் ரப்பரில் ஒயில் தடவிக் கையால் இறுக்கி, புது வொஷரோடு நட்டைப் பூட்டி, 0டபிள்யூ-20 வகை ஒயிலை ஊற்றினால் முடிந்தது. கல்லடி மணலில் ஜக் வைப்பதுதான் தலைவலி. பலகை போட்டாலும் ஒரு பக்கம் மெதுவாகப் புதையும். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது, எங்கள் வளவு மணலில் இரட்டிப்பாகக் கூடாது, ஸ்டாண்ட் வைத்தாலும் அடியில் கனமான பலகை வேண்டும். சீமெந்துத் தரை இருப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

பிரேக்குக்கு வருகிறேன், போன மாதம் செலவு வைத்தது அதுதான். முன் இடது சில்லு கொதிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆரையம்பதியில் ஒரு கராஜில் கழற்றிய அண்ணன் பிரேக் பாட் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கத்தது பாதிக்கு மேல் இருந்தது, உட்பக்கத்தது இரும்போடு இரும்பு. பாட்டை அழுத்திப் பிடிக்கும் கலிப்பர் சறுக்கி நகர வேண்டிய இரும்பு ஊசி உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தது, சுத்தியலால் தட்டித்தான் எடுத்தார். ரப்பர் உறை ஒரு இடத்தில் வெடித்து, அதன் வழியாக ஈரம் போயிருக்கிறது. கொழும்பில் ஓடும் வண்டிக்கு இது எப்போதாவது வரும், கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு வந்தே தீரும். அந்த ஊசியைக் கழற்றி, துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிறீஸ் பூசிப் போட வேண்டும், இங்கே அதை ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் செய்விப்பது நல்லது. அதற்கு முந்தைய சேர்விஸ் பில்லில் "பிரேக் செக்" என்றும் ஒரு சரி அடையாளம் போட்டிருந்தது. சில்லைக் கழற்றாமல் எப்படிச் செக் பண்ணினார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

அதற்காக பிரேக்கை நீங்களே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். பிரேக் ஒயிலும் அப்படியே. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம்முடைய ஊர்க்காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகையில்தான் கொதிக்கத் தொடங்கும், ஈரம் ஏறியபின் அது 140க்கு இறங்கலாம். கல்லடியிலிருந்து காத்தான்குடிச் சந்தைக்குப் போய் வரும்வரை வித்தியாசம் தெரியாது. கண்டி போய்விட்டு மகியங்கனைப் பக்கமாகப் பதினெட்டு வளைவில் இறங்கும்போது மிதி பஞ்சாகப் போனால்தான் தெரியும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

சிவிடி ஒயிலையும் தெரிந்தவரிடம் கொடுங்கள், அதுவும் சுசுகி சொல்லும் வகையைத்தான் போட வேண்டும். "கியர் ஒயில் எல்லாம் ஒண்டுதான்" என்று சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை (ஏடிஎஃப்) கையில் எடுப்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள். கூலன்ட் குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, எங்கள் பக்கக் கிணறுகளில் உப்பு இருக்கிறது. கடையில் கலந்து விற்பதை வாங்கி, எஞ்சின் ஆறியபின் தாங்கியில் கோடு வரைக்கும் விடுங்கள், இதற்குக் கூலி கொடுப்பது அநியாயம். லித்தியம் அல்லாத மற்றப் பற்றரியின் முனையில் பூக்கும் வெள்ளையையும் பச்சையையும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்தபின் வாசலின் பூசுங்கள். அதை மாற்றுவதென்றால், வண்டி நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைக்கும் ஐடில் ஸ்டொப்புக்கான வகையைத்தான் வாங்க வேண்டும், விலை கூடத்தான், ஆனால் சாதாரணப் பற்றரி அடிக்கடி அணைந்து ஸ்டார்ட் ஆகும் வேலைக்குத் தாங்காது. டயர்க் காற்று டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிக்கும் தம்பியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

வெள்ளத்தில் ஓடியபின் அடிப்பக்கம் கழுவுவதைக் கட்டாயம் கொடுங்கள், வாவியோரத் தண்ணீரில் உப்பு உண்டு, வீட்டுக் குழாயால் மேலே எட்டாது. மறுகா டீசல் கலந்து அடிக்கு ஸ்பிரே அடிக்க வருவார்கள், பளபளவென்று இருக்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள், புஷ் ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

இவ்வளவு திட்டியபின் மச்சானுக்கு என் முடிவு: ஒயிலை சேர்விஸ்காரனிடமே கொடு. நான் வீட்டில் மாற்றுவதை விட்டுவிட்டேன். செலவு குறைவு, வேலை சுத்தம், என் கண்முன்னே நடக்கிறது, எல்லாம் சரி. வடித்த கறுப்பு ஒயிலை என்ன செய்வது? வேலிக் கட்டைக்குக் கறையான் பிடிக்காமல் பூசத் தாருங்கள் என்று பக்கத்து வீட்டு மாமா கொஞ்சம் வாங்கிப் போனார், மழை வந்தால் அதுவும் மண்ணுக்குள்தானே இறங்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல் திட்டில் இருக்கிறோம். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது, கைக்கெட்டும் ஆழத்தில் கிணறு. அந்த மணல் எதையும் தடுக்காது. கான்களில் சேர்த்து வைத்துக் கடைசியில் அதே சேர்விஸ் ஸ்டேசனுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், சேகரிக்க வரும் வண்டிக்கு அவர்கள் பீப்பாயில் வைத்திருக்கிறார்கள். முதலாளி ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

இப்போது 3 லீற்றர் கானை நானே சாமான் கடையில் வாங்கிக்கொண்டு போகிறேன், பில்டரும் வொஷரும் என்னுடையது, கூலி மட்டும் அவர்களுக்கு. மிஞ்சுவதை வண்டியின் டிக்கியில் போட்டுக்கொள்கிறேன். முதலாளிக்கு முகம் கொஞ்சம் சுருங்குகிறது, சுருங்கட்டும்.