டோமா, கன்டெய்னரா, தகர ஷெட்டா: மும்பைல வெள்ள நிவாரண சாமான எதுல வைக்கிறது?

மே மாசம் வந்தா தாராவி, சயான், செம்பூர் பக்கம் நம்ம ஆளுங்க மன்றங்கள்ல இதே பேச்சுதான், தேங்குன தண்ணிய இறைக்கிற டீவாட்டரிங் பம்பு, ரப்பர் படகு, ஜெனரேட்டர், கயிறு, தார்ப்பாய் எல்லாம் எங்க போடுறது, தண்ணி ஏறுனா நாலு பேர் உக்காந்து போன் எடுக்க ரூமுக்கு எங்க போறதுன்னு. இப்ப புதுசா ஒரு கோஷ்டி "கான்கிரீட் டோம் (கவுத்த கிண்ணம் மாதிரி கட்டடம்) போடுங்க, எது வந்தாலும் அசையாது"ங்குது. அதுல பாதி சரி.

டோம் கட்டுற விதமே வேற. கீழ வட்டமா பீம் போட்டு, அதுல பிவிசி பூசுன பெரிய துணிய மாட்டி ஃபேன் வச்சு ஊதி நிறுத்துறாங்க, உள்ள போய் ஃபோம் அடிச்சு, கம்பி கட்டி, அதுமேல ஷாட்கிரீட், அதாவது குழாய்ல பீச்சுற கான்கிரீட் அடிக்கிறாங்க. ஆரம்பிச்சது அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல டேவிட் சவுத்தும் அவர் தம்பிகளும், 1975ல. டெக்சாஸ்ல எட்னாங்கிற ஊர்ல ஃபீமாங்கிற அமெரிக்க அரசோட பேரிடர் அமைப்பு குடுத்த பணத்துல ஸ்கூலுக்கு ஒரு டோம் கட்டிருக்காங்க, சாதாரண நாள்ல பசங்க விளையாடுவாங்க, ஹரிக்கேன் வந்தா ஊரே உள்ள போயிடும். காத்துக்கு முட்டுறதுக்கு தட்டையா ஒரு செவுரு இல்ல, பிச்சுக்கிட்டு போக ஓரமும் இல்ல, அதான் சூட்சுமம். ஃபோம் வெளிப்பக்கம், கான்கிரீட் உள்பக்கம்ங்கிறதால கரண்ட் போனாலும் உள்ள சீக்கிரம் சூடேறாது, கன்ட்ரோல் ரூமுக்கு இது பெரிய விஷயம்.

பூகம்பத்துக்கும் வட்டம் நல்லது. 2006ல இந்தோனேசியாவுல நடந்த யோக்யகர்த்தா பூகம்பத்துக்கு அப்புறம் ஙெலெபென் கிராமத்துக்கு வரிசையா டோம் வீடுங்களாத்தான் கட்டிக் குடுத்தாங்க. அவ்ளோ தூரம் ஏன், குஜராத் கட்ச்ல மண்ணுல கட்டுற வட்ட வீட்டுக்கு புங்கான்னு பேரு, 2001 பூகம்பத்துல நிறைய தாக்குப்பிடிச்சுது, புஜ்ல இருந்த பெரிய சிவில் ஆஸ்பத்திரி விழுந்துடுச்சு. காப்பாத்த வேண்டிய கட்டடமே முதல்ல போறதுன்னா அதான்.

இனி மீதிப் பாதி. தாராவியில ஸ்டோர் பாத்துக்கிற ஒரு அண்ணாச்சிகிட்ட படத்தக் காட்டுனேன், அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "ஏம்பா, வளைஞ்ச செவுத்துல ரேக்க எப்படிப்பா ஒட்டி வைப்ப?" நூத்துக்கு நூறு நியாயம், ரேக்குக்கும் செவுத்துக்கும் நடுவுல முக்கோண சந்து வீணாப் போகும், வட்டமா ரேக் அடிச்சா அது தனி செலவு. எதிரொலி வேற, பிஜாப்பூர் கோல் கும்பஸ்ல நின்னு கத்திப் பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த ரூம்ல ஆறு பேர் வயர்லெஸ்ல பேசுனா என்ன கதின்னு. அதவிட முக்கியம் கதவு. வண்டி நுழையுற அளவு ஓட்டை போட்டு அதுல சாதா ரோலிங் ஷட்டர் மாட்டிட்டா, டோமோட ஓடு எவ்ளோ கெட்டியா இருந்தும் பிரயோஜனம் இல்ல, தண்ணியும் அந்த வழியாத்தான் வரும்.

தகர ஷெட் பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. சீப்பு, சீக்கிரம் நிக்கும். ஷட்டர் உள்வாங்குனா காத்து உள்ள பூந்து கூரைய கீழ இருந்து தள்ளும், மேல வெளிக்காத்து இழுக்கும், மூலைல ஸ்க்ரூ ஒவ்வொண்ணா பிடுங்கிக்கும். கடல் உப்புக்காத்துல அந்த ஸ்க்ரூ தலை ஏற்கனவே துருதான். தார்ப்பாய் வைக்கலாம், ஜெனரேட்டர் வைக்காதீங்க.

கன்டெய்னர்தான் எல்லாருக்கும் ஆசை, ஜேஎன்பிடி துறைமுகம் பக்கத்துலயே இருக்கு, பழசு கிடைக்கும், பூட்டுனா திருட்டு பயம் கம்மி. ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 20 அடி பெட்டி காலியா சுமார் 2.2 டன், அடிப்பரப்பு 15 சதுர மீட்டருக்கு கொஞ்சம் கம்மி, அப்ப அது அரை அடி ஆழத்துக்கு தண்ணிய ஒதுக்குனாலே எடை ஈடாயிடும், பெட்டியோட அடித்தட்டு தரையில இருந்து கொஞ்சம் தூக்கி இருக்கிறதால தரையில ஒரு அடி, ஒன்றரை அடி தண்ணி நின்னா காலிப் பெட்டி மிதந்து நகரப் பாக்கும். நாலு மூலையையும் கான்கிரீட்ல லாக் பண்ணியே ஆகணும். ஜன்னலுக்குன்னு பக்கவாட்டுல வெட்டுனா பலம் போயிடும். வெயில்ல உள்ள அடுப்பு, மழைக்காலத்துல வேர்த்து ஊத்தும், ரப்பர் படகுல பூஞ்சை பிடிக்கும்.

கடைசியா நம்ம பழைய ஆர்சிசி, அதாவது கம்பி கட்டுன கான்கிரீட் கட்டடம். ஒடிசா சைக்ளோன் ஷெல்டருங்க மாதிரி கீழ தூண் மட்டும் விட்டு மேல தூக்கிக் கட்டுனா தண்ணி கீழயே போயிடும். அந்தத் தூண்கள மட்டும் அலட்சியமா போட்டா 2001ல அகமதாபாத்ல பார்க்கிங்குக்கு தூண் விட்ட அபார்ட்மென்ட்ங்க உக்காந்தது மாதிரி ஆயிடும், மும்பை மிதமான ஆபத்து உள்ள பூகம்ப மண்டலம் 3ல இருக்கு, மறக்காதீங்க.

என் ஓட்டு? ஊருக்குள்ள டோம் வேணாம். இங்க காத்தவிட தண்ணிதான் எதிரி, இடம் அதவிட பெரிய எதிரி, டோம் மேல மாடி ஏத்த முடியாது. கன்ட்ரோல் ரூமுக்கு தூக்கிக் கட்டுன ஆர்சிசி, ஒவ்வொரு ஏரியாவுலயும் மேடான இடத்துல லாக் பண்ணுன ஒரு கன்டெய்னர். ஏன் ஒவ்வொரு ஏரியான்னா, 2005 ஜூலை 26 அன்னைக்கு சாந்தாக்ரூஸ்ல 944 மி.மீ., அதே ஊர் கொலாபாவுல 73 மி.மீ. தான், எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சுட்டு ரோடு முழுகிட்டா பம்பு அங்க, தண்ணி இங்க. டோம் நவி மும்பை, பன்வேல் மாதிரி இடம் இருக்கிற பக்கம் பெரிய கிடங்குக்கு சரி, டனல் வேலைக்கு ஷாட்கிரீட் அடிக்கிற ஆளுங்களயும் இங்கயே பிடிக்கலாம்.

எது கட்டுனாலும் டிசைனர்கிட்ட ஒண்ணு கேளுங்க. கட்டடத்துக்கு காத்து கணக்கு சொல்ற இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 மூணாம் பகுதியில புயலுக்கு அப்புறம் அவசியமான கட்டடத்துக்கு காத்து வேகத்த 1.3 ஆல பெருக்கச் சொல்றான், அதுவும் கிழக்குக் கடற்கரைக்கும் குஜராத்துக்கும்தான், மும்பைக்கு கட்டாயம் இல்ல. மும்பைக்கு அடிப்படை வேகம் செகண்டுக்கு 44 மீட்டர், 1.3 போட்டா 57, அழுத்தம் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறும். 2021ல தௌக்தே புயல் தள்ளிப் போனப்பவே இங்க 100 கிலோமீட்டருக்கு மேல அடிச்சுது. அந்த 1.3ஐ நீங்களே கேட்டு எழுதி வாங்குங்க, கதவுக்கும் சேத்து.