வணிகக் குத்தகையா, குடியிருப்பா? இங்கிலாந்தில் சொத்துத் தகராறு சொலிசிட்டரின் தெரிவு

இங்கிலாந்தில் சொத்துத் தகராறுகளைத் தொழிலாகக் கொள்ளும் இளம் சொலிசிட்டர் (கட்சிக்காரரை நேரடியாகக் கையாளும், மேல் நீதிமன்றங்களில் பொதுவாக வாதாடாத வழக்கறிஞர்) பெரும்பாலும் வணிகக் குத்தகை, குடியிருப்பு ஆகிய இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்கிறார்.

வணிகக் குத்தகையில் 1954ஆம் ஆண்டு நில உரிமையாளர்-குத்தகைதாரர் சட்டமே அன்றாடக் கருவி. அதன் பாதுகாப்பு ஒப்பந்தத்திலேயே விலக்கப்படாதவரை, குத்தகைக் காலம் முடிந்த கடைக்காரர் புதுப்பித்தல் கோரலாம். இடித்துக் கட்டும் உறுதியான எண்ணம் போன்ற, சட்டம் வகுத்த காரணங்களைக் காட்டியே உரிமையாளர் மறுக்க முடியும். ஊதியம் பொதுவாக அதிகம். ஆனால் பெரும்பாலான தகராறுகள் பேச்சுவார்த்தையில் தீர்வதால், வாதாடும் ஆசையுள்ளவருக்கு இது சற்று ஏமாற்றமே.

குடியிருப்புப் பக்கத்தில் விசாரணைகள் அதிகம். வாடகைப் பாக்கி உள்ளூர் கவுன்டி நீதிமன்றத்துக்கும், அடுக்ககச் சேவைக் கட்டணத் தகராறு 2013இல் அமைந்த முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்கும் போகின்றன. இரண்டிலும் சொலிசிட்டரே எழுந்து பேசலாம். வாடகைதாரரைக் காரணம் கூறாமல் வெளியேற்ற இடமளித்த, 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆவது பிரிவை 2025ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டம் ஒழிப்பதால், இனி உரிமையாளர் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஆகவே சாட்சியங்களைக் கையாளும் திறமைக்கு மதிப்புக் கூடும். தொழில் கற்க இதுவே நல்ல களம் என்பேன், சட்ட உதவி நிதியை நம்பிய அலுவலகங்களில் சம்பளம் மெலிந்திருந்தாலும்.