ஒயிட்ஹேவன் முதல் சண்டர்லாந்து வரை: வாடகை சைக்கிள் எப்படி இருந்தது?

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் ஒயிட்ஹேவனில் கிளம்பி, கிழக்குக் கரையில் சண்டர்லாந்தில் முடியும் சீ டு சீ சைக்கிள் பாதைக்கு எந்த சைக்கிள் நல்லது என்று கேட்பவர்கள், அடுத்த கேள்வியாக எடையைத்தான் கேட்கிறார்கள். நான் வாடகைக்கு எடுத்தது ஸ்டீல் ஃபிரேம். கேரியர், மட்கார்டு சேர்த்துப் பதின்மூன்று கிலோ இருக்கும். தூக்கும்போது மூச்சு வாங்கியது உண்மை. ஆனாலும் அடுத்த முறை போனால் அதையேதான் கேட்பேன்.

காரணம் கியர். பாதை மொத்தம் 140 மைல், அதாவது சுமார் 225 கிலோமீட்டர். 1994-இல் திறந்தது. தூரம் ஒன்றும் பயமுறுத்தாது, நடுவில் கிடக்கும் பென்னைன் மலைதான் ஆளைச் சோதிக்கும். ஹார்ட்சைடு கணவாய் 580 மீட்டர், அதற்கப்புறம் பிளாக் ஹில் 609 மீட்டர். ஊட்டிக்குப் போய் வந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஹார்ட்சைடாவது வளைந்து நெளிந்து மேலே கொண்டுபோகிறது. கேரிகில் ஊரைத் தாண்டிய சின்னச் சாலையும், ஸ்டான்ஹோப்பிலிருந்து கிளம்பும் கிராலிசைடு ஏற்றமும் அப்படி இல்லை. கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது, நேரே மேலேதான்.

என் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 30 பல், பின்னால் பெரியது 34. ஒரு சுற்று மிதித்தால் வண்டி இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த கார்பன் ரோடு பைக்கில் 34-க்கு 28, ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர். அரை மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டார். கிராலிசைடில் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது நான் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கு மேல் லேசாக மிதித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நாற்பதுகூட இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று முழு உடம்பையும் போட வேண்டியிருந்தது. பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார், முட்டி வலி என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சைக்கிள் ஒன்பது கிலோகூட இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

டயர் 40 மில்லிமீட்டர், காற்று 45 பிஎஸ்ஐ அளவில் வைத்துக் கொடுத்தார்கள். தார்ச்சாலையில் கொஞ்சம் மந்தம்தான். ஆனால் ஸ்டான்ஹோப்பைத் தாண்டி மேலே ஏறியதும் வரும் வாஸ்கர்லி வே பழைய ரயில் தடம், சரளை மண். அங்கே ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், பக்கத்தில் மேயும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே போக முடிந்தது. கெஸ்விக்கிலிருந்து திரெல்கெல்டு போகும் ரயில் தடம் வேறு ரகம். 2015 டிசம்பர் புயல் வெள்ளத்தில் பாலங்கள் அடித்துக்கொண்டு போய், 2020 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது வழவழவென்று இருக்கிறது, எந்த டயரும் போதும். கரடுமுரடான ஓல்டு கோச் ரோடு என்ற மண் பாதை வழியாகப் போக ஆசைப்படுபவர்களுக்கு 40-கூடப் பத்தாது, மவுண்டன் பைக் எடுங்கள். இன்னொன்று, வேலிச் செடிகளை வெட்டிவிட்ட சாலைகளில் முள் கிடக்கும். ட்யூப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குறைகள். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். ஃபிரேம் சின்னதுதான் கொடுத்தார்கள், சீட் உயரமும் சரியாக இருந்தது. ஆனால் ஹேண்டில் எட்டவே இல்லை. பென்ரித் வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். கடையில் பத்து நிமிட வேலை, கேட்காவிட்டால் அவர்களாகச் செய்வதில்லை. குள்ளமான பெண்கள் இதை ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரேக் விஷயத்தில் கடை மேல் எனக்குக் கோபம் உண்டு. டிஸ்க் பிரேக் என்பதால் மழையிலும் பிடிக்கும் என்று நம்பித்தான் எடுத்தேன். பிடித்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பிளாக் ஹில்லிலிருந்து ஆலன்ஹெட்ஸ் இறங்கும்போது பின் பிரேக்கில் உலோகம் உரசும் சத்தம். நிறுத்திப் பார்த்தால் பேடில் ஒரு காகிதத் தடிமன்கூட மிச்சமில்லை. முன் பிரேக்கை வைத்தே, அதையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்கள். வாடகையில் ஒரு பென்னி குறைக்கவில்லை.

எடுத்த கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, சண்டர்லாந்துக் கடற்கரையில் வேன் வந்து எடுத்துக்கொள்ளும் என்பது பெரிய வசதி. சொந்த சைக்கிள் என்றால் ஒயிட்ஹேவன் ரயிலில் இடம் பிடிப்பதே ஒரு பாடு. வீட்டுக்காரர் இரண்டாவது ரயில் வரைக்கும் காத்திருந்துதான் வந்தார்.

புறப்படும்போது பின்சக்கரத்தையும், முடிக்கும்போது முன்சக்கரத்தையும் கடலில் நனைப்பது இங்கே வழக்கம். செய்யுங்கள், ஆனால் சக்கரத்தின் விளிம்பு நனைந்தால் போதும். செயின்மேல் உப்புத் தண்ணீர் பட்டால் கழுவும் செலவு என்று என் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. பிரேக் பேடைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்களே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.