லேண்ட் ரோவர் சீரிஸ் 3: கார்புரேட்டர் கேஸ்கெட் மாற்றி ஓட்டிய அனுபவம்

என்னுடையது 2,286 சிசி பெட்ரோல் இன்ஜின், ஜெனித் 36 ஐவி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்). அதன் கேஸ்கெட் செட், அதாவது பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் அடைப்புகளை, மாற்றி வருடக்கணக்காகிறது. சேறு, மேடு, கல்பாதை எல்லாம் பார்த்துவிட்டது. ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், இன்னும் தடுமாறாமல் சீராக இருக்கிறது.

முன்பு இன்ஜின் சூடானதும் ஐட்லிங் தடுமாறும். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் சத்தத்தில் ஒரு மாற்றமும் வராது. இந்தக் கடைசி அறிகுறிதான் முக்கியம். கார்புரேட்டரின் மேல்மூடிக்கும் அதன் அடியில் உட்காரும் எமல்ஷன் பிளாக்குக்கும் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைகளான ஜெட்கள் இருக்கும் பாகம்) நடுவே ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அது இறுகிப் போனாலோ, மூடி வளைந்து போனாலோ, ஐட்லிங்கிலேயே பெட்ரோல் கசிந்து உள்ளே இறங்கும். அப்புறம் ஸ்க்ரூவுக்கு என்ன வேலை? கார்புரேட்டரின் அடிப்பக்க கேஸ்கெட் போனால் கதை வேறு: அங்கே காற்று இழுக்கும், உஸ்ஸென்று சத்தம் வரும், பெட்ரோல் பத்தாமல் இன்ஜின் திணறும்.

புது கேஸ்கெட் போட்டால் மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்வேன். இந்த மாடலில் மூடி வளைவது பரவலான கோளாறு. மூடியை ஒரு தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஓரத்தை அழுத்திப் பார்த்தேன், லேசாக ஆடியது. கண்ணாடி மேல் மெல்லிய வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, தண்ணீர் விட்டு, எட்டு போடுவது போலத் தேய்த்தேன். முதலில் ஓரங்கள் மட்டும் பளபளத்தன, நடுவில் பழைய கருப்பு அப்படியே கிடந்தது. அந்தக் கருப்பு முழுக்கப் போய் ஒரே நிறம் வரும்வரை விடக்கூடாது. தேய்த்த தூள் ஒரு துளிகூட ஜெட்டில் தங்கக்கூடாது.

சிலிக்கான் பேஸ்ட் தடவவே வேண்டாம். பெட்ரோல் பட்டு ஊறி, பிய்ந்து, ஜெட்டை அடைத்துவிடும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மூடி வளைவதற்கு அளவுக்கு மீறிய இறுக்கமும் ஒரு காரணம். சில ஓட்டங்களுக்குப் பிறகு, இன்ஜின் ஆறியதும் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

பலரும் இந்தத் தொல்லைக்காகவே ஜெனித்தைக் கழற்றிவிட்டு வெபர் 34 ஐசிஎச் என்ற வேறு கார்புரேட்டரைப் போடுகிறார்கள். அதற்கு முன் மூடியைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள்.